வட்ட சாக்கெட்டில் டிவி கேபிளைச் செருக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கணினிக் கேள்வி-பதில் பகுதியில், அப்பா வைத்திருந்த பழைய 386 கணினியிலிருந்து கோப்புகளைத் தன் மடிக்கணினிக்கு எடுப்பது எப்படி என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கணினியின் பின்பக்கம் வட்டமாக ஓர் உலோக சாக்கெட் இருக்கிறது, அதில் எதைச் செருகுவது என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. அது டிவி கேபிள் மாதிரிதான், அதையே செருகிப் பாருங்கள், நடக்கவில்லை என்றால் அந்தக் கணினியைக் கழித்துக்கட்டுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. கேள்வி நல்ல கேள்வி. பதில்தான் அவசரத்தில் எழுதியது.

நான் அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுக்கொடுக்கும் வேலையில் காலம் தள்ளியவள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் ஆரம்பித்தது; மேசைக்கடியில் படுத்துக் கேபிள் இழுத்தே முதுகு போனது. பழைய கணினியை ஆசையாக வைத்திருப்பவர்கள் இன்றும் என்னிடம் கேட்பது அந்த வாசகி கேட்டதைத்தான். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

அந்த வட்ட சாக்கெட்டின் பெயர் பிஎன்சி. செருகிக் கால் சுற்றுத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். டிவி கேபிளின் முனை திருகாணி மாதிரி மரை வைத்தது. இதில் பொருந்தவே பொருந்தாது. முனையை வெட்டிவிட்டு பிஎன்சி முனையைப் போட்டாலும் கதை முடியவில்லை. கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் முறையின் மெல்லிய கேபிள், அதாவது 10பேஸ்2 என்பது, 50 ஓம் மின்மறிப்புக்கு (கம்பியில் போகிற அலைக்கு அது காட்டும் எதிர்ப்பு) கணக்குப் போட்டுச் செய்த ஆர்ஜி-58 ரகம். டிவி கேபிள் 75 ஓம். ஆர்க்நெட் என்று இன்னொரு பழைய நெட்வொர்க் இருந்தது, அதன் கேபிள் 93 ஓம், ஆர்ஜி-62 ரகம். மூன்றும் கறுப்புக் கலரில், விரல் தடிமனுக்கும் குறைவாக, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உறையின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்தைப் படித்தால்தான் தெரியும். ஓம் மாறினால், கம்பியில் போகிற அலை ரகம் மாறும் இடத்தில் ஓரளவு திரும்பி வந்து பின்னால் வருகிற அலையோடு மோதும்.

இதில் எரிச்சலான விஷயம், டிவி கேபிள் சில சமயம் வேலை செய்துவிடும் என்பது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டே கணினி, இரண்டு மீட்டர் கம்பி என்றால் சின்னக் கோப்பு போய்விடும். பெரிய கோப்பை அனுப்பும்போது பாதியில் தொங்கும். அப்புறம் அந்த சாக்கெட் இருக்கிற நெட்வொர்க் கார்டைக் குறை சொல்லி, கார்டை ஓட்டும் நிரலான டிரைவரைக் குறை சொல்லி, ஒரு நாளைத் தொலைக்க வேண்டியதுதான்.

வட்ட சாக்கெட் வைத்திருப்பவர்கள் அடுத்தபடியாகக் கேட்பது இது: இரண்டே கணினிதானே, நேராக இதிலிருந்து அதற்கு ஒரு கேபிளைப் போட்டால் என்ன? போட்டால் ஓடாது. ஒவ்வொரு கார்டிலும் ஆங்கில 'டி' எழுத்து வடிவத்தில் ஓர் இணைப்பி மாட்ட வேண்டும். இரண்டு 'டி'களின் உள்பக்கக் கைகளை கேபிள் இணைக்கும். வெளிப்பக்கக் கைகள் இரண்டிலும் 50 ஓம் டெர்மினேட்டர் என்ற சின்ன மூடியைப் போட வேண்டும். மூடி இல்லாத முனையில் அலை, கிணற்றுச் சுவரில் பட்ட குரல் மாதிரி, எதிரொலித்துத் திரும்பும். கார்டு அதைப் பார்த்து வேறு யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நிறுத்திவிடும். 'டி' நேராகக் கார்டின் மேலேயே உட்கார வேண்டும். கார்டுக்கும் 'டி'க்கும் நடுவில் வசதிக்காக ஒரு துண்டுக் கேபிள் போடுகிற வேலையெல்லாம் கூடாது.

இதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது, எந்தக் கேள்வி-பதிலிலும் யாரும் எழுதுவதில்லை. கணினிகளை அணைத்துவிட்டு, ஒரு 'டி'யைக் கார்டிலிருந்து கழற்றி, நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் நடுவில் மல்டிமீட்டரை வையுங்கள். ஏறக்குறைய 25 ஓம் காட்டினால் சரி: இரண்டு 50 ஓம் மூடிகள் இணையாக நிற்கின்றன. 50 காட்டினால் ஒரு மூடி இல்லை, அல்லது நடுவில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஏதோ ஒரு முனையில் கேபிளின் வெளிச்சுற்று வலைக்கம்பியின் இழை ஒன்று நடு ஊசியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வட்ட சாக்கெட் கார்டில் கம்பி சரியாக இருக்கிறது என்று சொல்லும் விளக்கே கிடையாது. ஆகையால் மீட்டர்தான் கண்.

கணினிகள் அதிகம் இருந்தால் இதே கம்பி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இப்படி ஒரு வரிசையின் மொத்த நீளம் அதிகபட்சம் 185 மீட்டர், அதிகபட்சம் 30 கணினி, இரண்டு 'டி'களுக்கு நடுவில் குறைந்தது அரை மீட்டர் என்பது விதி. 'டி'யைக் கார்டிலிருந்து கழற்றினால் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. 'டி'யிலிருந்து கேபிளைக் கழற்றினால் வரிசை முழுவதும் படுத்துவிடும். மேசையை நகர்த்துகிற ஆசாமிகளுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்ட காலம் உண்டு.

மடிக்கணினியில் வட்ட சாக்கெட் இருக்காது. அதற்கு என்ன செய்வது? 1990-இல் முறுக்குக் கம்பி ஈதர்நெட்டுக்கு, அதாவது 10பேஸ்-டிக்கு, தர நிர்ணயம் வந்தது. இன்றைக்கு ரவுட்டரில் செருகுகிறோமே, அதே ஆர்ஜே-45 முனைதான். இரண்டு யுகத்துக்கும் நடுவில் வந்த ஹப்புகள், அதாவது பல கணினிகளை ஓரிடத்தில் இணைக்கும் பெட்டிகள், பலவற்றில் ஒரு வட்ட சாக்கெட்டும் இருக்கும், வரிசையாக ஆர்ஜே-45 சாக்கெட்டுகளும் இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் அதுவே பாலம். அந்தக் கால 10 மெகாபிட் வேகத்தை வீட்டு ரவுட்டர்களும் சாதாரண ஸ்விட்சுகளும் பெரும்பாலும் இன்னும் ஏற்றுக்கொள்கின்றன. 10 கிகாபிட் ஓடும் புது ஸ்விட்சுகளில் சில 10 மெகாபிட்டைக் கண்டுகொள்வதில்லை. அதில் போய் மல்லுக்கட்ட வேண்டாம்.

அதைவிட நல்லது, பழைய கணினியின் கார்டையே மாற்றுவது. வட்ட சாக்கெட்டும் ஆர்ஜே-45-உம் சேர்ந்த காம்போ கார்டுகள் நிறைய வந்தன. எந்த சாக்கெட்டைப் பயன்படுத்துவது என்று தானே கண்டுபிடிக்கும் கார்டும் உண்டு, கார்டின் மேலுள்ள ஜம்பர் என்ற சின்ன இணைப்புத் துண்டை மாற்றியோ கார்டோடு வந்த செட்டப் நிரலில் போயோ சொல்ல வேண்டிய கார்டும் உண்டு. சொல்லாவிட்டால் கேபிளை ஒரு பக்கம் செருகியிருப்பீர்கள், அது இன்னொரு பக்கம் காது கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய கணினியின் பின்னால் தொலைபேசி சாக்கெட் மாதிரி சின்னதாக, பெரும்பாலும் இரண்டாக, இருந்தால் அது மோடம். ஆர்ஜே-11. ஈதர்நெட் சாக்கெட் அதைவிட அகலம், உள்ளே எட்டு ஊசி. மோடத்தில் ரவுட்டர் கேபிளைச் செருகப் பார்த்து, நுழையவில்லையே என்று அழுத்தி உடைத்தவர்கள் இருக்கிறார்கள்.

சரி, கம்பி முடிந்தது. இனிமேல்தான் ஆரம்பநிலைக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். எல்லாம் செருகியாகிவிட்டது, ஆனால் எதுவும் தெரியவில்லை என்பார்கள். 'தெரியவில்லை' என்பதற்குள் நாலைந்து வேறு வேறு நோய் இருக்கிறது. கம்பி, கார்டு, டிரைவர், புரோட்டோகால், அப்புறம் கோப்பு என்று கீழிருந்து ஏற வேண்டும். கீழ்ப்படி உறுதியாகாமல் மேல்படிக்குப் போனால் எதை மாற்றினோம், எதனால் ஓடியது என்று நமக்கே தெரியாது. என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலானோர் மேல்படியிலிருந்து கேட்கிறார்கள்: 'விண்டோஸில் ஏன் வரவில்லை?'

கார்டின் படியில் எல்லாரையும் படுத்துவது ஐஆர்க்யூ. கார்டுக்குத் தரவு வந்துவிட்டால் அது பிராசசரைக் கூப்பிடும் மணிக்கு ஓர் எண் உண்டு, அதுதான் இது. ஐஎஸ்ஏ என்ற பழைய ரக ஸ்லாட்டில் கார்டு செருகும் கணினியில் ஒரே எண்ணை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3-ஆம் எண் இரண்டாவது சீரியல் போர்ட்டுக்கு, 4 முதல் சீரியல் போர்ட்டுக்கு, 6 ஃபிளாப்பிக்கு, 7 பிரின்டருக்கு, 14 ஹார்டு டிஸ்குக்கு. 5-இல் பெரும்பாலும் சவுண்டு கார்டு உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்தில் எல்லாரும் நகலெடுத்த என்இ2000 ரக கார்டு பல, தொழிற்சாலையிலிருந்து, பிராசசர் கார்டோடு பேசும் இடத்துக்கு 300 என்ற முகவரி, 3 என்ற ஐஆர்க்யூ என்று வைத்தே வரும். கணினியில் இரண்டாவது சீரியல் போர்ட் இருந்தால் அங்கேயே சண்டை ஆரம்பம்.

இந்தச் சண்டையின் அடையாளத்தைக் கவனியுங்கள். டிரைவரை ஏற்றினால் அது கார்டைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லும். கார்டின் 12 இலக்க ஈதர்நெட் முகவரியைக்கூடத் திரையில் காட்டும். நமக்கு ஒரே சந்தோஷம். ஆனால் மறுமுனையைக் கூப்பிட்டால் பதிலே வராது. ஈதர்நெட் முகவரியைப் படிக்க அந்த 300 சரியாக இருந்தால் போதும், மணி அடிக்க வேண்டிய அவசியமில்லை. பதில் வந்து சேர்ந்ததைச் சொல்லத்தான் மணி வேண்டும், அந்த மணி வேறு யார் வீட்டிலோ அடித்துக்கொண்டிருக்கிறது. முகவரி தெரிகிறது, பதில் வரவில்லை என்றால் நான் முதலில் கை வைப்பது ஐஆர்க்யூவில்தான். 386 கணினியில் 10 அல்லது 11 பெரும்பாலும் காலியாக இருக்கும். அதைவிடப் பழைய 8 பிட் ஸ்லாட் மட்டும் உள்ள கணினிக்கு அந்த எண்களே எட்டாது. 2 முதல் 7 வரைதான். அங்கே இரண்டாவது சீரியல் போர்ட்டை அணைத்துவிட்டு 3-ஐ எடுத்துக்கொள்வது உத்தமம். ஜம்பர் இல்லாத கார்டாக இருந்தால் அதன் செட்டப் நிரலில் போய் 'பிளக் அண்டு பிளே'யை நிறுத்திவிட்டு எண்ணை நிலையாக எழுதுங்கள். டாஸுக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது.

அடுத்த படி புரோட்டோகால். கம்பி ஒன்றாக இருந்தாலும் பேசும் மொழி ஒன்றாக இருக்க வேண்டும். அப்போது மூன்று மொழி ஓடியது: நாவெல் நிறுவனத்தின் ஐபிஎக்ஸ், மைக்ரோசாஃப்ட் பக்கத்து நெட்பியூயி, இப்போது உலகமே பேசும் டிசிபி/ஐபி. முதலிரண்டையும் இன்றைய விண்டோஸ் மறந்தே போய்விட்டது. அதனால் பழைய கணினிக்கு டிசிபி/ஐபி கற்றுக்கொடுப்பதே வழி. ஒரே மொழிக்குள்ளும் தகராறு வரும் என்பதற்கு நாவெலின் சர்வர் மென்பொருளான நெட்வேர் நல்ல உதாரணம். 3.11 பதிப்பு வரை அது ஒரு விதமான சட்டகத்தில் தரவைப் போட்டு அனுப்பியது, 3.12-இலிருந்து இன்னொரு விதம் இயல்பானது. ஒரே அலுவலகத்தில் பாதிக் கணினி பழையது, பாதி புதியது என்றால் ஒன்றின் கண்ணுக்கு மற்றொன்று தெரியாது. கார்டு சரி, கேபிள் சரி, எல்லாரும் ஐபிஎக்ஸ்தான். அமைப்புகளை எழுதிவைக்கும் நெட்.சிஎஃப்ஜி கோப்பில் ஒரே ஒரு வரி மாற வேண்டும், அதைக் கண்டுபிடிக்கும்வரை மேலாளர் தலைமாட்டில் நிற்பார்.

வாசகியின் 386-க்கு நான் சொல்வது இதுதான். கார்டுக்கு உரிய பேக்கெட் டிரைவரை, அதாவது டாஸில் கார்டை ஓட்டும் சின்ன நிரலை, ஏற்றுங்கள். என்இ2000 ரகத்துக்கு அது சுலபமாகக் கிடைக்கும். அதன்மேல் எம்டிசிபி என்ற இலவச நிரல் தொகுப்பு. ஆதி ஐபிஎம் பிசியிலேயே ஓடும் அளவுக்குச் சின்னது. அதில் ரவுட்டரிடமிருந்து ஐபி முகவரி வாங்கும் நிரல் இருக்கிறது, மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் இருக்கிறது, கோப்புகளைக் கொடுத்து வாங்கும் எஃப்டிபி சர்வரும் இருக்கிறது. முதலில் முகவரி வாங்குங்கள். அடுத்து ரவுட்டரைப் பிங் செய்யுங்கள். பதில் வந்த பிறகுதான் எஃப்டிபி. பழைய கணினியில் சர்வரை ஓடவிட்டு, மடிக்கணினியிலிருந்து ஃபைல்ஜில்லா போன்ற நிரலால் கோப்புகளை இழுத்துக்கொள்ளலாம். பிரவுசரில் முயல வேண்டாம். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-இல் எஃப்டிபியைக் கைவிட்டுவிட்டன. விண்டோஸின் கறுப்புத் திரை எஃப்டிபியைப் பயன்படுத்தினால், கோப்பு எடுக்கும் முன் பைனரி என்று கட்டளை கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் எழுத்துக் கோப்பு தப்பிக்கும், படமும் நிரலும் கெட்டுப்போகும்.

விண்டோஸ் ஃபோல்டர் ஷேரிங்கில் பழைய கணினியைக் காட்ட முடியாதா என்பார்கள். ஷேரிங்குக்குப் பழைய கணினி பேசும் மொழி எஸ்எம்பி முதல் பதிப்பு. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அந்த ஆண்டுக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதைப் புதிதாக நிறுவும் கணினிகளில் சேர்ப்பதில்லை. நாலு கடிதத்தை எடுக்க அந்தக் கதவை மறுபடி திறந்துவைப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஹார்டு டிஸ்கையே கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டிவிடலாமே என்று இதைப் படிக்கும் பலருக்குத் தோன்றும். 386 காலத்து ஐடிஇ ரக டிஸ்குகள் பலவற்றுக்கு, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே வரிசை எண் கொடுக்கும் எல்பிஏ முறை தெரியாது; சிலிண்டர், ஹெட், செக்டர் என்று கேட்டால்தான் பதில் சொல்லும். அடாப்டர்கள் பெரும்பாலும் எல்பிஏவில் மட்டுமே பேசும். டிஸ்க் சுற்றும், மடிக்கணினியில் எதுவும் வராது. சரி, டிஸ்க் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது உயிரோடுதான் இருக்கும்.

நெட்வொர்க் கார்டே இல்லாத கணினிக்கு சீரியல் கேபிள். நல் மோடம் (Null Modem) கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் அதில் குறுக்காகப் போகும். ஒன்பது ஊசி முனைக்கும் ஒன்பது ஊசி முனைக்கும் என்றால் 2-உம் 3-உம் மாறும், 5 நேராக. பழைய கணினியில் 25 ஊசி முனை இருந்தால் கணக்கு தலைகீழ்: அதில் 2 அனுப்பும், 3 வாங்கும், ஒன்பது ஊசியில் 2 வாங்கும், 3 அனுப்பும். ஆகவே 2-ஐ 2-க்கும் 3-ஐ 3-க்கும் நேராக இழுத்தாலே குறுக்கு ஆகிவிடும். தரைக்கம்பி 5-இலிருந்து 7-க்கு. அனுபவசாலிகளே இங்கே சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். வேகம் 9600 என்று வைத்தால் ஒரு மெகாபைட்டுக்கு 18 நிமிடம். 115200 என்றால் ஒன்றரை நிமிடம், 40 மெகாபைட் டிஸ்க் முழுவதும் ஒரு மணி நேரம். சீரியல் போர்ட்டில் பழைய 8250 சிப் இருந்தால் அந்த வேகத்தில் எழுத்துகள் நழுவலாம், கொஞ்சம் இறங்கி வாருங்கள். இரண்டு பக்கமும் டாஸ் என்றால் எம்எஸ்-டாஸ் 6-உடன் வந்த இன்டர்லிங்க் என்ற கோப்பு மாற்றும் நிரல் போதும். ஃபிளாப்பி கெட்டுப்போன கணினிக்கு அது தன்னையே சீரியல் கம்பி வழியாக நகலெடுத்து அனுப்பும் வசதியும் உண்டு. ஒரு பக்கம் புதிய கணினி என்றால் கெர்மிட் என்ற கோப்பு அனுப்பும் நிரல். 1981-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது, இன்றும் ஓடுகிறது.

ஆப்பிளின் பழைய மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு லோக்கல்டாக் நெட்வொர்க் என்று தனி உலகம். நொடிக்கு 230 கிலோபிட், சாதாரணத் தொலைபேசிக் கம்பியிலேயே ஓடும். 2009-இல் மேக் ஓஎஸ் 10.6 வந்தபோது அதில் பேசும் மொழியான ஆப்பிள்டாக்கை ஆப்பிளே எடுத்துவிட்டதால், பெரும்பாலும் நடுவில் இன்னொரு பழைய மேக்கை வைத்துத்தான் பாலம் போட வேண்டியிருக்கும். அதைத் தனியாக யாராவது எழுதினால் நல்லது.

இன்டர்நெட் வருமா என்று கடைசியில் எல்லாரும் கேட்பார்கள். பிங் போகும். இன்றைய இணையதளங்களில் பெரும்பாலானவை கேட்கும் மறையாக்கத்தை 386 பிரவுசர்களால் பேச முடியாது, ஆகவே பக்கம் திறக்காது. அதற்காக வருத்தப்படவும் வேண்டாம்.

அந்த வாசகிக்கு ஒன்று. கார்டு, கேபிள் எதையும் தொடும் முன், கணினியை ஒருமுறை இயக்கி, தொடங்கும்போதே திறக்கும் பயாஸ் செட்டப் திரையில் ஹார்டு டிஸ்கின் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மதர்போர்டின் பேட்டரி தீர்ந்துபோனால் இந்த எண்கள் மறந்துவிடும், கணினிக்குத் தன் டிஸ்கே தெரியாது. எண்கள் ஏற்கெனவே அழிந்திருந்தால் டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் பாருங்கள், பல டிஸ்குகளில் அச்சடித்தே இருக்கும். பேட்டரி சின்ன உருளையாக, போர்டில் பற்றவைத்திருந்தால், அதைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். பூத்திருந்தால் முதல் வேலை அதை எடுப்பது. ஒழுகும் திரவம் போர்டின் தடங்களைத் தின்றுவிடும். அதற்குப் பிறகு கார்டிலுள்ள பெரிய சிப்பின் மேல் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்து அனுப்பினால், எந்த டிரைவர் என்று சொல்லிவிடலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். டிவி கேபிள் பற்றிய வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அந்தப் பகுதியைப் படித்துவிட்டு யாராவது அப்பாவின் கணினியைக் கழித்துவிடும் முன் அது வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நெட்வொர்க் பணியாளர் ஒருவர்